கறுத்தக் குட்டிக்கு மூன்று ஓலை

மன்னார்த் தீவில் கடலோடு போட்டி போட்டு வென்ற தொண்டை ஒன்றே ஒன்றுதான். அது பேசாலையில், அரசாங்கக் கந்தோர் வேலைக்குப் போய் நான் போர்டிங் இருந்த வீட்டுக்கு அடுத்த வளவில் குடியிருந்த ஸ்பீக்கர் அண்ணையின் தொண்டை. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்த சுவாமிக்கும் அவருடைய அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கலாம். ஊருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஓட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவித்தல் செய்வது அவருடைய தொழில். செத்த வீடு, திருவிழா, கரண்ட் வெட்டு, காணாமல் போன ஆடு எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊருக்குச் செய்தி. கைக்குக் கை போன் வந்து, வாட்ஸப்பில் எல்லாம் ஓடித்திரிகிற இந்தக் காலத்திலும் அவருடைய தொழில் படுக்கவில்லை. ஏனென்று கேட்டால், "வாட்ஸப்பைத் திறக்காமல் விடலாம் தங்கச்சி, காதைப் பூட்டேலாது" என்பார். மனைவி பிரான்சில் மகளோடு இருந்தார். அவர்களோடு கதைக்க அண்ணைக்குப் போன் எதற்கு, முற்றத்தில் நின்று கதைத்தாலே கேட்குமே என்று எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவில் பகிடி பண்ணுவார்கள்.

தொண்டை மட்டுமல்ல, பிடிவாதமும் அப்படித்தான். ஒருமுறை ஊரோடெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்த ஒரு மனிதர் செத்துப்போனார். வீட்டார் கொடுத்த தாளில் 'ஊராரின் பேரன்புக்குரியவர்' என்று இருந்தது. அண்ணை தாளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மைக்கைப் பிடித்து 'ஊரார் அனைவரும் நன்கு அறிந்தவர்' என்று அறிவித்துக்கொண்டு போனார். செத்தவரின் மகன் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தான்.

"எழுதித் தந்ததை வாசிக்கிறதுதானே அண்ணை உங்கட வேலை?"

"தம்பி, இந்த மைக்கில ஒரு பொய் சொன்னனெண்டால், நாளைக்குக் கரண்ட் வெட்டு எண்டு சொல்லேக்க ஆர் நம்புவினம்?"

இப்படிப்பட்ட மனிதரின் பாஸ் பெட்டிக்குள்தான் வெள்ளச்சி குட்டி போட்டாள். வெள்ளச்சி எங்கள் ஒழுங்கையின் நாய். ஒருவருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் கல்லெறிவார்கள். பெட்டியோ, திருவிழா மேடைகளில் நெஞ்சைக் குலுக்குகிற, ஆள் உயரத்துக்கு நிற்கிற பெட்டி. உள்ளே இருந்த ஸ்பீக்கரைத் திருத்துவதற்குக் கழற்றியிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக உள்ளே போனவள் மறுநாள் காலையில் ஆறு குட்டிகளோடு படுத்திருந்தாள். இரண்டு கடுவன், நான்கு பெட்டை.

குட்டிகள் கண் திறக்கும்வரை ஒழுங்கை பொறுத்தது. பிறகு அவை பெட்டியைவிட்டு இறங்கி, காயப்போட்டிருந்த கருவாட்டை இழுத்து, காலில் கிடந்த செருப்பைக் கடித்து, வலை பின்னுகிறவர்களின் மடியில் மூத்திரம் பெய்யத் தொடங்கின. உடனே எல்லோருக்கும் ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கடுவன் குட்டிகளை ஆராவது தூக்கிக்கொண்டு போவார்கள். பெட்டைக் குட்டிகளை இலேசான வெள்ளை ரெஜிபோம் மீன்பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டி, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற பாலத்துக்கு அங்கால் கொண்டுபோய் இறக்குவார்கள். இதற்கு 'விட்டிட்டு வாறது' என்று பெயர். வெயிலும் உப்புத் தரையும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். கோவிலுக்குப் போகிற, விரதம் பிடிக்கிற, எறும்பைக்கூட மிதிக்காத மனிதர்கள்தான் இதைச் செய்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

ஸ்பீக்கர் அண்ணைக்கும் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அவர் என்னைப்போல் வாய்க்குள் முணுமுணுக்கிற ஆள் இல்லையே. ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினார்.

"அன்பார்ந்த பேசாலை வாழ் மக்களே. வெள்ளச்சியின் பிள்ளைகள் ஆறு பேருக்கும் வீடு பார்க்கிறோம். கேட்கிற எல்லாருக்கும் குடுக்கிற எண்ணம் இல்லை. கேட்கிறவரின் பெயர் மூன்று நாள் ஓலையில் வாசிக்கப்படும். தடை இல்லாவிட்டால் மட்டும் குட்டி கிடைக்கும்."

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு சொல். எங்கள் கோவில்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பொம்பிளையின் பெயரை வாசிப்பார்கள். அதுதான் ஓலை. இன்னாரை இன்னார் கட்டப்போகிறார், இதற்கு ஏதும் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஏற்கெனவே கலியாணம் கட்டினவன், ஏமாற்றுகிறவன் எல்லாம் அகப்படுகிற இடம் அது. அதை நாய்க்குட்டிக்கு வாசிக்கலாம் என்று உலகத்தில் வேறு எவருக்கும் தோன்றியிருக்காது.

அன்று பின்னேரம் வேலிக்கு மேலால் கேட்டேன். "அண்ணை, இது கொஞ்சம் கூடிப்போச்சுதெல்லே?"

"என்ர மகளைக் கட்டிக் குடுக்கேக்க மூண்டு ஓலை வாசிச்சவை தங்கச்சி. அவளுக்கு வாய் இருக்கு. புருசன் சரியில்லையெண்டால் போன் எடுத்துச் சொல்லுவாள். இதுகளுக்கு வாயில்லை. அப்ப ஆருக்கு ஓலை கூட வேணும்?"

 

ஓலை தொடங்கியதும் ஊருக்கு ஒரு புதுப் பொழுதுபோக்குக் கிடைத்தது. பின்னேரமானால் தடை சொல்லுகிறவர்கள் கதிரை தூக்கிக்கொண்டு ஸ்பீக்கர் வளவுக்கு வந்தார்கள். ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒரு கடுவனைக் கேட்டார். அவருக்கு ஆறுமாதம் மகன் வீடு, ஆறுமாதம் மகள் வீடு என்று அவருடைய சொந்தத் தங்கச்சியே வந்து தடை சொன்னார். ரியூசன் வாத்தியார் ஒருவர் கேட்டார். அவருடைய பிள்ளைகள் போன வருசம் கோழிக்குஞ்சு ஒன்றை வாளிக்குள் நீந்தப் பழக்கிய கதை வெளியே வந்தது. வாத்தியார் அதன் பிறகு எங்கள் ஒழுங்கையால் வராமல் சுற்றிக்கொண்டு போனார்.

கருவாடு போடுகிற விதவை ஒருவருக்குத் தடை சொல்ல மூன்று பேர் வந்தார்கள். நாய் கருவாட்டைத் தின்னும், பிறகு அவ நாயை அடிப்பா என்பது தடை. அண்ணை அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். "திண்டால் திண்டிட்டுப் போகட்டும் அண்ணை, அதுக்கும் வயிறுதானே. நான் கொஞ்சம் உயரத்தில காயப்போடுறன்" என்றார் அந்த மனுசி. ஓலை வாசிக்காமலே ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார் அண்ணை.

ஆட்டுப்பட்டி வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா வந்து, நேராகவே சொன்னார். "நாங்க வீட்டுக்குள்ள எடுக்க மாட்டம். பட்டிக்குக் காவலுக்குத்தான். தனிச் சட்டி, தனிக் கொட்டில். பட்டினி போட்டால் எனக்கு அல்லாட்டப் பதில் இருக்கு." அண்ணைக்கு அந்தப் பேச்சுப் பிடித்துவிட்டது. மூன்று ஓலையும் தடையில்லாமல் போய், ஒரு கடுவனும் ஒரு பெட்டையும் பட்டிக்குப் போயின. பெட்டை எடுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. வளர்ந்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்விக்க வேண்டும். அதையும் சும்மா சொல்லவில்லை. எந்த வீடு சம்மதித்தது என்று ஊரெல்லாம் அறிவித்தார். வெள்ளச்சியையும் பால் மறந்ததும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கருத்தடை செய்வித்து, அதையும் அறிவித்தார். அவள் ஒன்றும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பங்குச் சுவாமி ஒருநாள் வந்தார். நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வந்தார்.

"ஓலை எண்டது கலியாணம் எண்ட தேவதிரவிய அனுமானத்துக்கு உரிய சொல்லு. அதை நாய்க்குட்டிக்குப் பாவிக்கலாமோ?"

"அப்ப நீங்களே ஒரு சொல்லுத் தாங்கோ சுவாமி. ஆனால் மூண்டுதரம் வாசிக்கிறதை நிப்பாட்ட மாட்டன்."

"அறிவித்தல் எண்டு சொல்லும்."

அன்று தொடக்கம் அண்ணை அறிவித்தல் என்றார். ஊர் ஓலை என்றே சொன்னது.

இரண்டாவது கடுவனைக் கேட்டு வந்தவர் சம்மாட்டியார். பல போட்டுகளின் சொந்தக்காரர், பருவத்துக்குப் பருவம் வேறு கரையில் வாடி, அதாவது மீன்பிடிக் கொட்டில், போடுகிறவர், திருவிழாக் குழுவின் பெரிய தலை, ஸ்பீக்கர் அண்ணைக்கு வருசா வருசம் திருவிழா ஓடர் கொடுக்கிறவர். அவர் கேட்டு வரவில்லை, எடுத்துக்கொண்டு போக வந்தார்.

"நல்ல கடுவனாப் பாத்து ஒண்டைத் தாரும். வாடிக்குக் காவல் வேணும்."

"தரலாம் சம்மாட்டியார். மூண்டு நாள் பொறுங்கோ. வாசிப்பம்."

"எனக்கும் வாசிப்பீரோ?"

"ஓம்."

வாசித்தார். முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரில் பாதிப்பேர் அவருடைய போட்டுகளில் தொழிலுக்குப் போகிறவர்கள். இரண்டாம் நாள், சம்மாட்டியாரும் அவருடைய மனைவி ரெஜினா அக்காவும் முதல்கொண்டு எல்லோரும் கூடியிருக்கிற நேரத்தில், அவருடைய போட்டில் போகிற அந்தோனி என்பவர் எழும்பினார். கையைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு ஒரு தடை தெரியும். போன முறை வாடியில இருந்த நாயை, காத்து மாறி நாங்கள் வாடியைப் பிரிச்சுக்கொண்டு வரேக்க, கட்டினபடி விட்டிட்டு வந்தவர். வலை வந்தது, சட்டி பானை வந்தது, நாய் வரேல்ல. அந்த வாடியில நானும் இருந்தனான். அவிழ்த்து விடுவம் எண்டு கேட்டனான். போட்டில ஏறு எண்டார்."

ரெஜினா அக்கா புருசனைத் திரும்பிப் பார்த்தார். "பாம்பு கடிச்சுச் செத்ததெண்டெல்லே சொன்னீங்கள்?"

 அக்கா அந்த நாயைக் கண் திறக்காத குட்டியிலிருந்தே பால் கொடுத்து வளர்த்தவர் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அவர் கதிரையை விட்டு எழும்பி வீட்டுக்குப் போனார். ஸ்பீக்கர் அண்ணை மைக்கை எடுத்தார். "தடை ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றார். தீவு முழுக்கக் கேட்டது.

அதன் பலன் அடுத்த நாளே வந்தது. கொடியேற்றத்துக்கு முன் ஒழுங்கை துப்பரவாக இருக்க வேண்டும், மிஞ்சுகிற குட்டிகள் பாலத்துக்கு அங்கால் போகும், பாஸ் பெட்டி மேடைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் திருவிழா ஓடர் டவுன் செட்டுக்காரருக்கு என்று சம்மாட்டியார் ஆள் அனுப்பினார். அண்ணை வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, குடித்து முடியும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பெட்டிக்குள்ள பிள்ளைப்பெத்தவள் படுத்திருக்கிறாள். அவளை எழுப்பி நான் பாட்டுப் போட மாட்டன். ஓடரை ஆருக்கும் குடுக்கச் சொல்லுங்கோ."

அடுத்த சில நாள்களில் மற்றக் கடுவன் ஒரு வலை பின்னுகிறவர் வீட்டுக்கும், இன்னொரு பெட்டை அந்தோனி வீட்டுக்கும் போய்விட்டன. கடைசியில் மிஞ்சியது ஒரு கறுத்தப் பெட்டைக் குட்டி. பின்னங்கால் ஒன்று கொஞ்சம் இழுக்கும். பெட்டை, கறுப்பு, கால் வேறு சரியில்லை. எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"உங்களுக்குத் தரேலாது தங்கச்சி."

"ஏன்?"

"கந்தோர்க்காரர். இண்டைக்கு இஞ்ச, நாளைக்கு முல்லைத்தீவு. போர்டிங் வீட்டுக்காரர் நாயை ஏத்துவினமோ? அதோட பசிச்சால் நீங்களே பாணும் வாழைப்பழமும் திண்டுகொண்டு இருக்கிறியள். உங்களுக்கே நல்லா ஒரு ஆள் சமைச்சுப்போட வேணும்."

ஓலை வாசிக்காமலே என்னைக் கழித்துவிட்டார். எனக்கு இரண்டு நாள் கோபம். ஆனால் மூன்றாவது நாள் இடமாற்றப் பட்டியலில் என் பெயர் வந்தது, கோபம் போய்விட்டது.

கொடியேற்றம் நெருங்கியது. அண்ணை விடவில்லை. "வெள்ளச்சியின் கடைசி மகள். வீடு இன்னும் தெரியாது. முதலாம் அறிவித்தல்" என்று வாசித்தார். மறுநாளும் அதே. மாப்பிள்ளை இல்லாமல் ஓலை வாசித்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒழுங்கை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் சாப்பிடவும் இல்லை என்று எனக்குத் தெரியும். சமைத்தால் அவருடைய சட்டி பானைச் சத்தம் எனக்குக் கேட்கும், கேட்கவில்லை.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் பின்னேரம் சம்மாட்டியார் தானே வந்தார். கூடவே ஒருவர் ரெஜிபோம் பெட்டியும் கயிறும் கொண்டுவந்தார். அண்ணை கறுத்தக் குட்டியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறுகையில் மைக்கோடு ஓட்டோவின் முன் சீட்டில் இருந்தார். இறங்கவில்லை.

"குட்டியைத் தாரும்."

"தர மாட்டன்."

"ஆருக்காகப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீர்? கேக்க ஒரு வீடும் இல்லையே."

"எனக்குத் தாங்கோ அண்ணை" என்று ஒரு குரல் பின்னால் வந்தது. ரெஜினா அக்கா நின்றுகொண்டிருந்தார்.

 அண்ணை மைக்கைத் திறந்தார். அவசரமென்றால் மூன்று ஓலையையும் ஒன்றாக வாசிக்கிற வழக்கம் கோவிலிலேயே உண்டு, சுவாமி மன்னிக்கட்டும் என்று முதலில் ஊருக்கு விளக்கம் சொன்னார். பிறகு தொடங்கினார்.

"கறுத்தப் பெட்டைக் குட்டியை ரெஜினா அவர்களின் வீட்டுக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். முதலாம் அறிவித்தல். தடை இருக்கிறதா?"

"இருக்கு" என்றார் சம்மாட்டியார். "என்ர வீட்டில நாய் வளக்கேலாது."

"வீடு ஆற்ற?" மைக் வழியாகவே கேட்டார் அண்ணை.

"என்ர வீடு."

ரெஜினா அக்கா குரலை உயர்த்தவில்லை. "வீடு என்ர அம்மா எனக்குத் தந்த சீதனம். உறுதி என்ர பேரில கிடக்கு. இவர் கலியாணத்தண்டைக்கு ஒரு சூட்கேசோட வந்தவர்."

ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. வலை பின்னுகிறவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சீதன வீடு பெண்ணின் வீடு. அதில் ஆணியடிப்பதற்கும் அவளைக் கேட்க வேண்டும். இது எல்லா ஆம்பிளைகளுக்கும் தெரியும், எல்லோரும் மறந்தமாதிரி நடப்பார்கள்.

"தடை சொன்னவர் வீட்டுக்காரர் இல்லை, அங்க குடியிருக்கிறவர். தடை செல்லாது" என்றது ஒலிபெருக்கி. "இரண்டாம் அறிவித்தல்."

அந்தோனி மெதுவாகக் கையைத் தூக்கினார். "தடை இல்லை. ஒரு கேள்வி. வாடிக்குக் கொண்டுபோவீங்களோ அக்கா?"

"வாடிக்கு இவர் போகட்டும். குட்டி என்னோட இருக்கும்."

"மூன்றாம் அறிவித்தல்."

தடை எதுவும் வரவில்லை. சம்மாட்டியார் ரெஜிபோம் பெட்டியைப் பார்த்தார், பிறகு கோவில் பக்கம் பார்த்தார். அண்ணை ஓட்டோவை விட்டு இறங்கிக் குட்டியை நீட்டினார். அக்கா அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார். "போன முறை சொன்னதை நம்பினனான் அண்ணை. இந்த முறை ஒருத்தரையும் நம்ப மாட்டன். என்ர கண்ணாலயே பாத்துக்கொள்ளுவன்." அவருக்கு அழுகை வந்தது. எங்களில் பலருக்கும் வந்தது.

சம்மாட்டியாரும் சொன்னதைச் செய்தார். திருவிழா ஓடர் டவுன் செட்டுக்காரருக்குப் போனது. புது மிஷின், கலர் லைட், நெஞ்சைக் குலுக்குகிற பாஸ். கொடியேற்றத்தன்று ஒழுங்கையே கோவிலில். நான் இடமாற்றத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டு வீட்டில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ அனுங்குகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வெள்ளச்சி வெறும் பெட்டிக்குள் போவதும், மூலை மூலையாக மோந்து பார்ப்பதும், வெளியே வந்து நிற்பதும், திரும்பப் போவதுமாக இருந்தாள்.

ஸ்பீக்கர் அண்ணை பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் இருந்தார். அவளைக் கிட்ட இழுத்து, தலையைத் தடவி, பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்டும் கேட்காத ஒரு குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் நல்ல வீட்டிலதான் இருக்கினம் பிள்ளை. மூத்தவன் ஆட்டுப்பட்டியில. அவனோட ஒரு தங்கச்சியும் நிக்கிறாள். ஒருத்திக்குக் கருவாட்டுச் சாப்பாடு. சின்னவளுக்குச் சீதன வீடு. நான் போய்ப் போய்ப் பாக்கிறன். நீ யோசியாதை. நீ இஞ்ச என்னோட இரு."

அவள் அவருடைய மடியில் தலையை வைத்துப் படுத்தாள். கோவில் பக்கமிருந்து வேறு எவருடையதோ ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நான் வேலியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன், அவரைக் கூப்பிட வாய் வரவில்லை. உங்களைப்போல் ஒரு மனிதரை நான் பிறகு எங்கும் காணவில்லை அண்ணை. அன்று சொல்லாததை இன்று, ஊரறியச் சொல்கிறேன்.